தம்பி வாங்கிய டச் ஸ்கிரீன்

தம்பி டிஜே போட ஒரு டச் ஸ்கிரீன் வாங்கியிருக்கிறான் என்று அம்மா போனில் சொன்னபோது, "அப்படியா, சந்தோஷம்" என்றேன். சந்தோஷமாவது மண்ணாவது! வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கடலூரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கித் தூக்கித் தோள்பட்டை தேய்ந்தவன் நான். பாட்டுகளைக் கலந்து ஓட்ட நான் வைத்திருக்கும் பழைய டிஜே கன்ட்ரோலரில் பாதிக் குமிழ்களுக்குத் தலையே இல்லை. அவனோ சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் டிஜே. அவனுக்குப் பளபளவென்று ஒரு திரை!

அடுத்த வாரமே தங்கை கூப்பிட்டாள். அவளும் சிதம்பரத்தில்தான் இருக்கிறாள். அவளுடைய முதல் பெண்ணுக்குக் காதுகுத்து. "பாட்டுக்கு என் செட்டை எடுத்துகினு வந்துடறேன்" என்றேன்.

"வேணாண்ணே. பாட்டு சின்ன அண்ணன் போடட்டும். நீ மாமனா வந்து மணையில ஒக்காரு, போதும்."

முதல் பிள்ளைக்கு மூத்த தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வீட்டு வழக்கம். அது எனக்கு எப்படியும் வரவேண்டியது, எங்கே போய்விடப்போகிறது என்று இருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடும் மண்டபத்தில் டிஜே மேசைக்குப் பின்னால் யார் நிற்பது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதைப் போய் அவனுக்குக் கொடுத்துவிட்டாளே!

போதாக்குறைக்கு இன்னொன்றும் சொன்னாள். "அந்த டச்ச செட் பண்ணத் தெரியாம முழிக்குதுண்ணே சின்ன அண்ணன். நீ ஒருதரம் வந்து பண்ணிக் குடுத்துடு."

போனேன். போகாமல் இருந்தால் பொறாமை என்று சொல்லிவிடுவார்களே. அவன் கடையின் பின்னறையில் லேப்டாப்பையும் திரையையும் வயர் போட்டு இணைத்தேன். வெறும் திரை அது. எந்த இடத்தைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாட்டை ஓட்டவும் நிறுத்தவும் பெரிய பட்டன்கள், இரண்டு பாட்டுக்கும் சத்தத்துக்கு விரலால் இழுக்கத் தனித்தனிக் கோடு, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப்போகக் குறுக்கே ஒரு கோடு, வேகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றாக மென்பொருளில் தேர்ந்தெடுத்து, திரையில் அதற்கான இடத்தைத் தொட்டுக் காட்டினேன். குறுக்குக் கோடு முதலில் தலைகீழாக வேலை செய்தது. சரிசெய்தேன். அவசரத்தில் விரல் படக்கூடாத பட்டனை மூலைக்குத் தள்ளினேன். சுமாராகச் செய்தால் என் பேர் கெடும், நன்றாகச் செய்தால் அவனுக்குப் பேர் வரும். என்ன பிழைப்பு இது!

"இன்னாண்ணே, இவ்ளோதானா? ஒரு வாரமா மண்டைய ஒடைச்சிகினு இருந்தேன்" என்று சிரித்தான். உடனே படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டான், 'என் புது செட்டப்' என்று. என்! நான் கடலூர் பஸ்ஸில் வரும்போது அதை எத்தனையோ தடவை திறந்து பார்த்தேன். லைக் வேறு குவிந்தது.

விழா அன்று சீர்த்தட்டுகளோடு நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தம்பி பாட்டை அடுத்த பாட்டுக்குள் இழைத்து இழைத்து ஓட்டினான். இளவட்டங்கள் விசில் அடித்தன. தங்கை வீட்டுக்காரர் என் காதருகே வந்து, "மச்சான், சின்னவரு கலக்குறாரு இல்ல?" என்றார்.

"செட்டிங் நல்லா இருந்தா எவன் வேணா கலக்கலாம் மாப்ள" என்றேன்.

மணையில் உட்கார்ந்தேன். பாப்பாவைத் தூக்கிவரப் போனார்கள். அதற்குள் எங்கள் அத்தை பன்னீர்ச் செம்போடு மேடையில் எல்லார் மேலும் தெளித்துக்கொண்டு வந்தவள், டிஜே மேசைக்கும் போனாள். "நீயும் மாமன்தானடா" என்று அவனுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு வீச்சு. பன்னீர் முழுக்கத் திரையில்! அவ்வளவுதான், திரைக்குப் பேய் பிடித்தது. நீர்த்துளிகளை விரல் என்று நினைத்துக்கொண்டு அதுவே கோடுகளை இழுத்தது. பாட்டு கீச்கீச்சென்று ஓடி, அறுந்து, இன்னொரு பாட்டுக்குத் தாவியது. தம்பி சந்தனக் கையால் அழுத்த அழுத்த இன்னும் மோசம். மண்டபமே சிரித்தது. எனக்கு உள்ளே பால் வார்த்த மாதிரி இருந்தது.

எழுந்து போனேன். "தள்ளுடா." திரையின் தொடுதலை அணைத்துவிட்டு லேப்டாப் கீபோர்டில் பாட்டை ஓட்டினேன். துண்டால் திரையை ஒற்றித் துடைத்து மறுபடி உயிர் கொடுத்தேன். கைதட்டல்! "பெரிய மாமானா பெரிய மாமாதான்" என்று எவனோ கத்தினான். அந்தத் திரையில் விரல் வழுக்கிய சுகம் இருக்கிறதே, அப்பா! விடவே மனம் வரவில்லை.

"அண்ணே, ஒன்ன கூப்புடறாங்க" என்றான் தம்பி.

"இருடா, இந்தப் பாட்டு முடியட்டும்."

"நேரம் போவுதும்மா, ராகு காலம் வந்துடும். எந்த மாமனாவது சீக்கிரம் ஒக்காருங்க" என்று காது குத்த வந்த ஆசாரி சத்தம் போட்டார்.

"நீ போய் சமாளிடா, தோ வந்துடறேன்" என்று தம்பியைத் தள்ளிவிட்டு, தாய்மாமன் பாட்டு ஒன்றை எடுத்து அழகாக உள்ளே இழைத்தேன். பாட்டையும் மீறி ஒரு வீறல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பாப்பா தம்பியின் மடியில் இருந்தாள். அவன் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்து, அவன் நெஞ்சில் முகம் புதைத்து அழுதாள். கேமராக்காரர் சுற்றிச் சுற்றி எடுத்தார். தாய்மாமனுக்கான பாட்டு அவனுக்காக ஓடியது, போட்டவன் நான்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை ஒரு லட்டோடு மேசைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"பாட்டு போட ஆளா இல்ல ஊருல? மணைய உட்டுட்டு எழுந்து பூடுவன்னு தெரிஞ்சிதாண்ணே ஒன்ன பாட்டுக்கு வேணான்னேன்."

லட்டை லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

டச் ஸ்கிரீன் என்ன, பணம் சேர்ந்தால் நானும் வாங்கிக்கொள்வேன். பாப்பா இப்போது ஓடி விளையாடுகிறாள். நானும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் நேராக அவன் மடியில் போய் ஏறிக்கொண்டு, அங்கிருந்து என்னைப் பார்த்து, "பாட்டு மாமா" என்கிறாள்.