ஐஸ்பெட்டியில் போன போத்தல்

அக்காவின் ஒரு மார்பை வெட்டி எடுத்த கிழமைதான் சண்டையால் கொழும்புப் பாதையையும் மூடினார்கள். எடுத்த சதையில் ஒரு துண்டை மருந்துத் தண்ணீர் விட்ட போத்தலில் போட்டு எங்களிடம் தந்திருந்தார்கள். கொழும்புக்கு வீட்டு ஆட்களே கொண்டுபோக வேண்டும். அப்போது அப்படித்தான்.

டொக்டர் அம்மா எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். "வளரச் சொல்லி வாற கட்டளையைக் கேக்க, புற்றுநோய்க் கலத்தின்ர மேல காது மாதிரி ஒண்டு இருக்கும். சில ஆக்களுக்கு அது கனக்க இருக்கும். அப்பிடியெண்டா வருத்தம் கெதியாப் பரவும். ஆனா அந்தக் காதை அடைக்க இப்ப மருந்து வந்திருக்கு. இந்தத் துண்டைப் பாத்தால்தான் தெரியும்."

ஷெல் விழுந்த நாள் முதல் அக்காவுக்குக் காது மந்தம். நான் பலத்துச் சொன்னதும் சிரித்தாள்.

"எனக்கு இருக்கிற ரெண்டும் கேக்கேல்லை. அதுக்கு மட்டும் கனக்கக் காதோ?"

கப்பலில் இடம் கிடைக்கும்வரை போத்தலை அலுமாரிக்குள் வைக்க நினைத்தோம். சரியான வெக்கை. அத்தான் மீன் வியாபாரி. அன்றைக்கே மூடியைத் திறந்தார். மணம் கண்ணைக் கரித்தது.

"இதுக்குள்ள கிடந்தா அவிஞ்சு போகும்."

தண்ணீரை ஊற்றிவிட்டு, சதையைக் கழுவி, திரும்பவும் போத்தலில் போட்டு, மீன் அனுப்புகிற பெட்டியில் ஐஸுக்குள் புதைத்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கெடாமல் வைக்க எங்களுக்குத் தெரிந்தது ஐஸ்தான்.

நானும் கூடப் போனேன். கப்பல்துறையில் ஆமிக்காரன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். சிங்களம் தெரியாத அத்தான் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவன் மூடியைச் சாத்தினான். கொழும்பு போய்ச் சேர ஐஸ் தண்ணீராகியிருந்தது.

முடிவு வந்த அன்று டொக்டர் அம்மா எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மருந்துத் தண்ணி இல்லாமல் சதை பழுதாப் போச்சுது. இனி ஒண்டும் சொல்ல ஏலாது."

"வேற துண்டு இல்லையோ?" என்றார் அத்தான்.

"இல்லை. மிச்சத்தை அப்பவே எரிச்சிட்டினம். தெரியாமல் அந்த மருந்தைத் தர மாட்டினம்."

"நான் கழுவித்தானே வைச்சனான்," என்று அத்தான் மெல்லச் சொன்னார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த அக்கா, "என்னவாம்?" என்றாள். அத்தான் குனிந்து அவள் காதுக்குள் கத்தினார்.

"அந்தக் காது இல்லையாம்."

"பாத்தியளே, அதுவும் என்னை மாதிரிச் செவிடுதான்."

மாரி தொடங்கும்போது அவள் கழுத்தில் கட்டி வந்தது. பிறகு அவள் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.