குழல்மேல் ஒரு பத்துக்காசு

ஃபேரர் பார்க்கில் நான் ஞாயிறுதோறும் தோசை சாப்பிடும் கடை. சட்னியைத் தோசைமேல் பரப்பிக்கொண்டிருந்தேன். கைபேசித் திரையில் என் நண்பனின் முகம் வந்தது. வந்த வேகத்தில், கடை முழுக்கக் கேட்கும்படி, "டேய், எல்க் சுட எந்தத் தோட்டா வாங்கலாம், சொல்லு" என்றான்.

பக்கத்து மேசையில் கப்பல் பட்டறைத் தம்பிகள் சிலர். விடுமுறைச் சட்டை, படிய வாரிய தலை. அவர்களில் ஒருவர் வடையைக் கடிக்க மறந்து என்னையே பார்த்தார். நான் ஒலியைக் குறைத்தேன்.

"மெதுவாப் பேசுடா. இது சிங்கப்பூர்."

"ஐயோ, மறந்துட்டேன் லா."

மறந்துதான் போயிருப்பான், நம்ம ஊர் 'லா'வை மட்டும் விடவில்லை. போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கனடாவின் மேற்கே, மலைக்கும் கோதுமை வயலுக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. அவனுடைய சனிக்கிழமை சாயும்போது என் ஞாயிறு தோசைக்கல்லில் தொடங்கும். இங்கே ஒரு காலித் தோட்டா உறை மேசை டிராயரில் கிடந்தாலே போலீஸ் வந்து கதவைத் தட்டும். அங்கே தோட்டா, ரொட்டியும் மண்வெட்டியும் விற்கிற அதே கடையில், அலமாரியில் அடுக்கியிருக்குமாம். சிங்கப்பூரில் துப்பாக்கி என்பது கட்டாய ராணுவச் சேவைக்கு வரும் பதினெட்டு வயதுப் பையன்களுக்கு இரவல் தந்து திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒரு பொருள். எங்களுக்கும் அப்படித்தான் தந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். அதற்கு எண்ணெய் போட்ட வாசனை மட்டும் என் விரல்களில் எங்கோ மிச்சம் இருக்கிறது. மழை நாளில் வரும், போகும்.

எல்க் என்றால் என்ன என்று கேட்பீர்கள். மண்டாய்ப் பக்கம் சாலையோரத்தில் விடியற்காலையில் சில சமயம் கடமான் நிற்கும், காரின் விளக்கில் கண் மட்டும் எரியும். அந்தக் கடமானைக் குதிரை அளவுக்கு வளர்த்து, தலையில் ஒரு பட்ட மரத்தை நட்டுவைத்தால் எல்க். அவன் இருக்கும் இடத்தில் எல்க்கும் உண்டு, சாதாரண மானும் உண்டு. இலையுதிர் காலத்தில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அவனும் அவன் மாமனாரும் காட்டுக்குப் போவார்கள். அந்தக் கறிதான் வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க. எல்க் கறியில் சோம்பும் மிளகும் அரைத்துப் போட்டுப் பிரட்டல் செய்வதாக ஒருமுறை படம் அனுப்பியிருந்தான். பார்க்க நம்ம தேக்கா சந்தை ஆட்டுக்கறி மாதிரிதான் இருந்தது.

அந்தக் காலையில் அவன் குரலில் கறியின் சந்தோஷம் இல்லை. போன வருஷம் ஒரு மானைச் சுட்டிருக்கிறான். அடி பட்டிருக்கிறது, ஆனால் சரியான இடத்தில் இல்லை. மான் ஓடிவிட்டது. மாமனாரும் அவனும் இருட்டும்வரை தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள், கிடைக்கவில்லை.

"எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்று கேட்டேன்.

"தெரியல."

"எங்கே பட்டுச்சு?"

"அதுவும் தெரியல லா. சுட்டேன். அப்புறம் அது அங்கே இல்ல."

அவன் மனைவி அதிகம் பேசாதவள். ஒன்றே ஒன்று சொன்னாளாம்: இன்னொரு மிருகம் இப்படி வலியோடு காட்டுக்குள் போனால், துப்பாக்கி இந்த வீட்டை விட்டுப் போகவேண்டும். அவள் அப்பாவும் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள். அப்பாவும் மறுத்துப் பேசவில்லை. ஆகவே இந்த இலையுதிர் காலம்தான். சுத்தமாக விழவேண்டும், இல்லாவிட்டால் இனி இல்லை.

"மாமனார் மேக்னம் வாங்கச் சொல்றார். த்ரீ ஹண்ட்ரட் மேக்னம். கடைக்காரனும் அதைத்தான் சொல்றான். எல்க்கே அப்படியே உக்காந்துடுமாம். மான் எல்லாம் அதுக்குத் தூசு."

அவன் கேமராவுக்கு முன்னால் ஒரு தோட்டாவைப் பிடித்தான். நடுவிரலைவிடப் பெரிசு. ராணுவத்தில் நாங்கள் சுட்டது அதன் பேரப்பிள்ளை மாதிரி இருக்கும்.

காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து யோசிக்க வராது. சிராங்கூன் சாலையில் மல்லிகைக் கடைகள், காய்கறிப் பெட்டிகள், பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை, எல்லாவற்றையும் தாண்டி நடந்தேன். அவனும் திரையில் கூடவே வந்தான். ஒரு காலத்தில் இதே சாலையில் இரண்டு மொட்டைத் தலைகளாக நாங்கள் நடந்திருக்கிறோம். விடுப்பு முடிந்து முகாமுக்குப் புக்-இன் செய்யப் போகும் ஞாயிறு மாலைகளில் பிடோக் பேருந்து நிலையத்தில் அவனுக்காகக் காத்திருப்பேன். அவன் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலி சம்பால் டப்பாவோடு வருவான். முகாமின் கதவு வருவதற்குள் டப்பா காலியாகிவிடும். விரலில் ஒட்டிய காரத்தோடு பயிற்சி சார்ஜன் முன்னால் விறைத்து நிற்போம்.

"சொல்றேன், ஒரு வாரம் கொடு," என்றேன்.

தெம்பனிஸ் போகும் ரயிலில் அந்த வாரம் முழுக்கத் தோட்டா படித்தேன். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் திரையைத் திருப்பிக்கொண்டேன். வீட்டில் என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யாரைச் சுடப் போறீங்க? முன்கூட்டியே சொல்லிடுங்க, கோர்ட்டுக்குக் கட்டிட்டு வரக் கல்யாணப் பட்டுப்புடவையை லாண்டரிக்குப் போடணும்," என்றாள்.

"மானை."

"மண்டாய்லயா?"

படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மிருகத்தைச் சாய்ப்பது தோட்டாவின் உயரம் இல்லை. முன்னங்காலுக்குப் பின்னால், நுரையீரலும் இதயமும் இருக்கும் உள்ளங்கை அகல இடம். குண்டு அங்கே போய்ச் சேரவேண்டும், உடையாமல் சேரவேண்டும். மானுக்கு விலா மெல்லிசு, அவசரப்பட்டுச் சிதறுகிற குண்டுகூடப் போதும். எல்க்குக்கு எலும்பும் தசையும் சுவர் மாதிரி. அங்கே பாதியில் சிதறினால் அது மிருகத்துக்கு வலி, ஆளுக்கு வெறும் கை. ஆக, கெட்டியாக ஒட்டி நிற்கும் குண்டாகப் பார்த்து வாங்கவேண்டும். எல்க்கைத் துளைப்பது மானையும் துளைக்கும். மானுக்கு ஒன்று எல்க்குக்கு ஒன்று என்று இரண்டு வகை தூக்கிக்கொண்டு போனால், ஒன்றுக்குச் சரிபார்த்த குறி இன்னொன்றுக்கு இடம் மாறும். த்ரீ-ஓ-எய்ட் என்று நடுத்தரத் தோட்டா ஒன்று இருக்கிறது. ரொம்ப தூரத்துக்கு ஆசைப்படாமல், கிட்டே போகப் பொறுமை இருந்தால், இரண்டுக்கும் அது போதும். மேக்னம் இன்னும் தூரம் போகும், இன்னும் பலமாக அடிக்கும், உண்மை. ஆனால் அது சுடுகிறவன் தோளையும் அடிக்கும். துப்பாக்கியின் உதை என்று நாம் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறோம்.

இந்த உதையில்தான் என் யோசனை வந்து நின்றது. ஏனென்றால் அவனைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

சுடுதளத்தில் ஒருவன் படுத்துச் சுடும்போது அவன் ஜோடி பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். நான் அவன் ஜோடி. அவன் முகத்தைப் பக்கவாட்டில், ஒரு முழத் தூரத்தில், மழை சொட்டும் ஹெல்மெட்டுக்குக் கீழே பார்த்திருக்கிறேன். விசையை அழுத்துவதற்கு ஒரு நொடிக்கு முன்னால் அவன் இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும், ஊசி போடப்போகும் குழந்தையின் கண் மாதிரி. குழல் ஒரு நூல் தாழும். சார்ஜன் இதற்கென்று ஒரு பயிற்சி வைத்திருந்தார். தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழல்மேல் பத்துக்காசு ஒன்றை வைப்போம். விசையை அழுத்தவேண்டும், காசு விழக்கூடாது. சுடுதளத்துக்குப் போகாத நாட்களில் அவன் காசு நிற்கும். சுட்டுவிட்டு வந்த நாட்களில் விழும். உதையைத் தோள் ஞாபகம் வைத்திருந்தது. இருந்தும் அவன் எப்படியோ தேறிவிடுவான். நின்றுகொண்டிருக்கும் அட்டைப் பலகைக்கு, எங்கே பட்டாலும் வலி இல்லை.

அடுத்த ஞாயிறு அழைத்தான். நான் தேக்காவில் மீன் வாங்க வந்திருந்தேன். சத்தத்துக்கு விலகி மாடிப்படி ஓரமாக நின்றேன்.

"மேக்னம் வேணாம்டா. த்ரீ-ஓ-எய்ட் வாங்கு."

"அது சின்னது லா. மாமனார் சிரிப்பார்."

"சிரிக்கட்டும்."

"காரணம் சொல்லு."

"நீ கண்ணை மூடுவே."

திரையில் அவன் முகம் அசையாமல் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுபடவில்லை.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"அது அப்போ. பிள்ளைங்கடா நாம."

"போன வருஷம் மான் எந்தப் பக்கம் ஓடுச்சு?"

அவனுக்குப் பின்னால் சமையலறையில் யாரோ குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள். "சரி, வேலை இருக்கு," என்று சொல்லித் திரையை அணைத்தான். நான் மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன்பிறகு ஞாயிறுகள் தோசையோடு மட்டும் கழிந்தன. கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அது கறுப்பாகவே இருந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு வாரம், சொன்னதுதான் சரி என்று ஒரு வாரம். என் மனைவி, "உங்க மானுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். எனக்கு மான் ஞாபகமே வரவில்லை. சம்பால் டப்பாவைப் பிடித்திருந்த அவன் கைதான் ஞாபகம் வந்தது. நட்பில் இப்படி ஒரு இடம் இருக்கிறது போல, ஒருவன் முகத்தை அவனைவிட அதிகம் பார்த்துவிட்ட இடம். அங்கே நிற்பது இரண்டு பேருக்கும் சுகமில்லை.

பிறகு ஒருநாள் நான் பேருந்தில் இருக்கும்போது அவனிடமிருந்து ஒரு காணொளி வந்தது. சொல் ஒன்றும் இல்லை. அவன் வீட்டு நிலவறை, பின்னால் சலவை இயந்திரம். துப்பாக்கியைத் திறந்து, உள்ளே காலி என்று கேமராவுக்குக் காட்டுகிறான், சார்ஜனுக்குக் காட்டிய அதே கோணத்தில். தரையில் படுக்கிறான். ஒரு கை வருகிறது, மனைவியின் கை. குழல்மேல் ஒரு காசு வைக்கிறது. கனடாக் காசு இல்லை. பழைய சிங்கப்பூர் பத்துக்காசு. எந்த டிராயரில் இத்தனை காலம் வைத்திருந்தானோ. விசை சொடுக்குகிறது. காசு விழுகிறது, உருண்டு இயந்திரத்துக்கு அடியில் போகிறது. மனைவி சிரிக்கிறாள்.

கீழே ஒரு வரி: மாமனாரோட மேக்னம் சுட்டுட்டு வந்தேன் இன்னிக்கு. தோள் நீலமா இருக்கு.

சில வாரம் கழித்து இன்னொரு காணொளி, அதுவும் நான் பேருந்தில் இருக்கும்போதே. அதே தரை, அதே கை, அதே காசு. சொடுக்கு. காசு நின்றது. மறுபடி சொடுக்கு. நின்றது. கீழே: த்ரீ-ஓ-எய்ட். சுட்டுட்டு வந்ததுக்கு அப்புறம்.

பேருந்தில் என் முகத்தைப் பார்த்து எதிர் இருக்கைப் பெண்மணி தன் பையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார். அழப்போகிறேன் என்று நினைத்திருப்பார்.

மழைக்காலம் இங்கே தொடங்கியபோது அங்கே பனி விழ ஆரம்பித்திருந்தது. அவன் அழைத்தது ஒரு ஞாயிறு காலையில், அதே கடையில், அதே தோசையின் நடுவில். தொப்பியும் தாடியில் பனியுமாக, வண்டிக்குள் இருந்து பேசினான். மெதுவாகப் பேசினான், நான் சொல்லாமலே.

"எல்க். பெண் எல்க். காலையில ரொம்ப தூரத்துல ஒண்ணு நின்னுச்சு. மாமனார் சுடுன்னார். என்னால இங்கேருந்து முடியாதுன்னேன். மேக்னமா இருந்தா முடியும்னு முணுமுணுத்தார். அப்புறம் பாதி நாள் குனிஞ்சே நடந்தோம்."

"அப்புறம்?"

"கிட்டே போனோம். சுட்டேன். சில அடி நடந்துச்சு, நின்னுச்சு, முன்னங்கால் மடிஞ்சு படுத்துடுச்சு. அவ்வளவுதான்."

"நல்லதுடா."

"இரு. நீ சிரிக்கப்போற." அவன் மூக்கை உறிஞ்சினான். "சுட்டதும் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏத்தினேன். காலி உறை பனியில விழுந்துச்சு. எல்க் அசையலன்னு நல்லாத் தெரிஞ்சதும் மாமனார் முன்னால போறார். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? முட்டி போட்டுப் பனிக்குள்ள உறையைத் தேடிட்டு இருக்கேன். சூட்டுல பனி உருகிச் சின்ன ஓட்டை போட்டுட்டு உள்ளே போயிருந்துச்சு. மாமனார் திரும்பிப் பார்த்து, என்ன தொலைச்சேன்னு கேக்குறார். எப்படிச் சொல்றது அவருக்கு?"

எப்படிச் சொல்வது. சுடுதளத்தில் ஓர் உறை குறைந்தாலும் மொத்தப் பிளாட்டூனும் புல்லில் ஊர்ந்து தேடும். கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கடைசியில் வரிசையில் நின்று, பைகளைத் தட்டிக் காட்டி, வெடிக்காத தோட்டாவோ காலி உறையோ என்னிடம் இல்லை சார் என்று ஒவ்வொருவனாகச் சொல்லவேண்டும்.

"கிடைச்சுதா?"

கையுறைக்குள் இருந்து எடுத்துக் காட்டினான். பித்தளை, வண்டி விளக்கில் மங்கலாக.

"உனக்கு அனுப்பலாம்னு பார்த்தேன்."

"என்னை உள்ளே போடப் பார்க்கிறியா? நீயே வச்சுக்கோ."

சிரித்தான். பிறகு சிரிப்பு மெதுவாக இறங்கியது. வண்டியின் கண்ணாடியில் பனி ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. இங்கே யாரோ காப்பிக் குவளையை நீட்டி "அண்ணே, சூடு" என்றார்.

"கண்ணு திறந்துதான் இருந்துச்சுடா," என்றான். "அது எந்தப் பக்கம் பார்த்துச்சு, எங்கே பட்டுச்சு, எப்படிப் படுத்துச்சு, எல்லாம் பார்த்தேன். இத்தனை வருஷத்துல முதல்தடவை."

"எப்படி இருந்துச்சு?"

அவன் அந்த உறையைத் திரும்பக் கையுறைக்குள் போட்டுக்கொண்டான்.

"கஷ்டமா இருந்துச்சு லா. ஆனா வீட்டுக்குப் போய் அவ கேட்டா, இப்போ சொல்ல முடியும்."