செல்வமணி சொன்ன பெயர்

செல்வமணிக்குப் பீடி சுற்றத் தெரியும், கீர்த்தனை பாடத் தெரியும். இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்ல மட்டும் தெரியாது. சீவலப்பேரிக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் ஆசீர்வாதம் செங்கல் சூளையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். குடிக்காதவன், கை நீட்டாதவன் என்று பெயர்.

இரண்டு பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது, ஆற்றில் பெருவெள்ளம் வந்து வடிந்த மறுவருஷம் பிறந்து, பால் குடிக்குமுன் போய்விட்டது. அதற்குப் பிறகு மடியில் பீடிச் சுளகை வைத்துக்கொண்டு இலையையும் தூளையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கை ஓடாது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

"பிள்ளைய எடுத்தது கர்த்தர் இல்ல," என்றார் உபதேசியார் தேவதாசன். "அவரு எடுக்கமாட்டாரு. எடுக்கிறவன் வேற. அவன் இவளுக்குள்ள குடியிருக்கான்."

தேவதாசன் ஏமாற்றுக்காரர் இல்லை. தெருக் கடைசியில் ஓலைக் கொட்டகை போட்டு ஜெபவீடு நடத்தினார். யாரிடமும் காசு வாங்கமாட்டார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் தானும் கிடந்துதான் ஜெபிப்பார். செத்தவர்கள் திரும்பி வருவதில்லை, பிசாசுதான் அவர்கள் பெயரை வைத்துக்கொண்டு வருகிறது, அந்தப் பெயரைச் சொல்லவைத்துவிட்டால் ஓடிப்போகும் என்பது அவர் நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் செல்வமணியை நடுவில் உட்காரவைத்தார்கள். தலையில் எண்ணெய் ஊற்றினார்கள். பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். உபதேசியார் அவள் உச்சியில் கையை அழுத்தி, "பேரைச் சொல்லு" என்றார். அவளுக்குள் யாரும் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பாள். வெயில் சாய்ந்தது. தாகத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஆசீர்வாதம் ஓரத்தில் அழுதுகொண்டிருந்தான்.

"சொல்லிரு, செல்வம். சொன்னா வீட்டுக்குப் போயிரலாம்."

"சந்தனமாரி" என்றாள்.

கொட்டகை அடங்கிப் பிறகு ஆர்ப்பரித்தது. யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். முழுச் சொம்பையும் குடித்தாள்.

சந்தனமாரி அடுத்த தெரு உலகம்மாளின் மகள். செல்வமணியோடு ஒரே கடையில் இலை வாங்கிப் பீடி சுற்றியவள். போன பங்குனியில் ஆற்றில் இறங்கிச் செத்துப்போனாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெயர் ஊரில் எல்லார் வாயிலும் காத்துத்தான் கிடந்தது. நான் சொல்லாவிட்டால் வேறொருத்தி சொல்லியிருப்பாள் என்று செல்வமணி தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

மறுநாளிலிருந்து பெண்கள் சந்தனமாரி இறங்கிய படித்துறைக்குப் போவதை விட்டார்கள். பீடிக்கடையில் இசக்கித்தாய் என்கிறவள், "ஏளா, ஒனக்குள்ள இருந்தவ சுத்து அம்சமா இருக்குமே. வெரட்டுததுக்கு முன்ன ரெண்டு கட்டு சுத்தி வாங்கியிருக்கப்படாதா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். செல்வமணியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து வாயைக் கழுவினாள்.

ஒரு மத்தியானம் உலகம்மாள் வந்தாள். நடவு வயலிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். கணுக்காலில் சேறு காயவில்லை. கையில் தூக்குச்சட்டி. திறந்தால் உளுந்தங்களி.

"தின்னு."

"எதுக்கு யக்கா?"

"ஒனக்கில்ல. அவளுக்கு இதுன்னா உசுரு."

செல்வமணி ஒரு வாய் தின்றாள். அவள் தொண்டை அசைவதையே உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உபதேசியாரு வெரட்டிட்டாராமே. மிச்சம் மீதி கொஞ்சமாவது இருப்பாள்லா." பிறகு குரல் இறங்கியது. "முந்தின நாளு வெளக்குமாத்தால அடிச்சேன், கேக்காம சினிமாக்குப் போனாள்னு. அதுக்குத்தான் போனாளா? ஒங்கிட்ட என்னமும் சொன்னாளா?"

உன்னால் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த முகம் இளகிவிடும். வார்த்தை உதடுவரை வந்தும்விட்டது. அது வந்த சுலபத்தைப் பார்த்துச் செல்வமணி பயந்துபோனாள். சந்தனமாரியின் பெயரும் இப்படித்தான் வந்தது.

"யக்கா, எங்கிட்ட யாரும் வரல. யாரும் பேசல. தாகமா இருந்துச்சு. விடமாட்டேன்னாக. நானாத்தான் அவ பேரைச் சொன்னேன்."

உலகம்மாள் தூக்குச்சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு சொம்புத் தண்ணிக்கா," என்றாள்.

"ஆமா, யக்கா."

உலகம்மாள் சட்டியை மூடினாள். "எம் பிள்ள பேயா அலையுதாளாம், ஊரெல்லாம் பேச்சு. இங்கன எங்கிட்ட சொன்னா ஆச்சா? அங்கன ஜெபவீட்ல போயிச் சொல்லு. வாசல்ல வந்து நிக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். செல்வமணி எழுந்ததும் முகங்கள் மலர்ந்தன.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்," என்றாள். "எனக்குள்ள சந்தனமாரியும் இல்ல, ஒருத்தரும் இல்ல. நாந்தான் அவ பேரைக் கெடுத்தேன்."

தேவதாசன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கண் கலங்கினார்.

"நீ பொய் சொல்லல, மகளே. பொய்யின் ஆவி ஒன் நாக்கை வச்சுப் பேசிச்சு. இப்பவும் அதுதான் பேசுது. ஒம்மேல குத்தமில்ல."

குற்றமில்லை. கண்ணை மூடிக் கொஞ்சம் ஆடினால் போதும். எல்லாரும் அழுதுகொண்டு சுற்றி வந்துவிடுவார்கள். பொய் சொன்னது வேறு யாரோ ஆகிவிடும். அந்த ஆசை தனக்கு வந்ததே, சொன்ன பொய்யைவிட அசிங்கமாக இருந்தது. வாசலைப் பார்த்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உலகம்மாள் நின்றிருந்தாள்.

"இல்ல, ஐயா. எனக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சு. தெரிஞ்சுதான் சொன்னேன்."

ஆசீர்வாதம் அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். பெண்கள் பாட்டைத் தொடங்கினார்கள், அவள் குரல் கேட்காதபடிக்கு. பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

வெளியே உலகம்மாள் காத்திருந்தாள்.

"கேட்டேன்."

"யக்கா..."

"சொன்னதுவரைக்கும் சரி. அதுக்காண்டி ஒன் மூஞ்சில முழிக்க என்னால ஏலாது. எங்க தெருப்பக்கம் வராத, தாயீ."

செல்வமணி தலையாட்டினாள்.

ஜெபவீட்டில் அவளுக்காக ஜெபிப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். பீடிக்கடைக்கு உலகம்மாளின் தெரு வழியாகப் போவதுதான் பக்கம். அவள் கால்வாய்க்கரையைச் சுற்றிப் போனாள். மழைக்காலத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கிப் போனாள். ஏன் இப்படிச் சுத்திப் போற என்று கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொன்னாள். பிறகு யாரும் கேட்கவில்லை.