மூடாத கதவு

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லேத்துப் பட்டறை வைத்து மூன்று வீடு கட்டியவன் நான். என் அம்பாசடரின் துருவை வெட்ட இன்னொருவன் எதற்கு? கதவுகளைக் கழற்றிவிட்டு, உப்புக்காற்று அரித்த அடிச்சட்டத்தை வெட்டி, புதுத் தகட்டை வெல்டிங் வைத்தேன். பிறகு கதவை மாட்டினால் மூடவில்லை. முட்டுக் கொடுக்காமல் வெட்டியதில் வண்டி நடுவில் தொய்ந்திருந்தது. இப்படியே விட்டால் காயலான் கடைக்குத்தான்.

"வேற ஆள விளிக்கட்டா?" என்றாள் மனைவி.

"ஏட்டி, என்னைய விட ஆளா?"

"அப்ப கதவு எதுக்கு வாயப் பொளந்துட்டு நிக்கு?"

வெல்டிங்கை அறுத்து, நடுவில் ஜாக்கியை மெல்ல ஏற்றினேன். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அவள் கதவை மூடிப் பார்த்தாள். தகடு முனகும்போதெல்லாம் ஏற்றுவதை நிறுத்தினேன். கடைசியில் கதவு பொருந்தியது.

"தொறந்துராத," என்றேன். கதவை மூடியபடியே வைத்து, மறுபடி வெல்டிங் வைத்தேன்.