நண்டு உருட்டிய மணல்

உப்புத் தண்ணீரில் நனைந்து வெயிலில் காய்ந்த பாவாடை, கரும்புச் சோகை போலக் கணுக்காலில் உரசும் என்பதை ஏழாம் வகுப்பு படித்த வருடத்து ஐப்பசியில்தான் தெரிந்துகொண்டேன். தீபாவளி நோம்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, விடாமல் பெய்த மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல இருந்த அன்று, ஆந்திராவில் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து நெல் மூட்டை ஏற்றும் சிறு வண்டியில் பாய் விரித்து உட்கார்ந்து, தடாவைத் தாண்டிக் குடும்பமே கடலுக்குப் போனோம்.

போனதற்குக் காரணம் கடல் இல்லை, பெரிநைனா ஆடியில் வாங்கியிருந்த புதுப் போன். அப்பாவை நைனா என்றும் அவர் அண்ணனைப் பெரிநைனா என்றும் அழைப்போம். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கடலை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, குடும்பத்தை ஒரே படமாக எடுத்து, சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் போன் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ எதையாவது கேட்டால் படித்துப் பதில் சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது. "பாப்பா கையில குடு, அது படிச்சிக்கினு கீது இல்ல" என்று நைனா சொன்னபோது அவர் குரலில் இருந்த கர்வம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இன்றுவரை அதை விடவில்லை.

எல்லாரும் குளித்து, கட்டி வந்த புளிச்சோற்றைத் "துன்னு" முடிக்கும்வரை போன் என்னிடம்தான் இருந்தது. நான் கடலை எடுக்கவில்லை. அவ்வளவு பெரியதை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது? குனிந்து, காலடியில் கிடந்ததையெல்லாம் எடுத்தேன். மணலில் படர்ந்த அடம்பங்கொடியில் சிக்கிய நீல வலைநூல், கரையேற்றிய படகில் பச்சைச் சாயம் உரிந்த இடத்தில் எட்டிப் பார்த்த பழைய சிவப்பு, நுரைக் குமிழிக்குள் குட்டியாகத் தெரிந்த என் தலை. ஒரு நண்டு, மிளகு அளவில் மணலை உருட்டி உருட்டித் தன் வளையைச் சுற்றிப் பரப்பிக்கொண்டிருந்தது. அலை வந்து மொத்தத்தையும் அழித்துவிட்டுப் போனது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்; தண்ணீர் வடிந்ததும் அது கண்ணை மேலே நீட்டிக்கொண்டு வெளியே வந்து, முதல் உருண்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

அம்மா ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பட்டப்பகலில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நாற்று நட்டு நட்டு வெடித்த குதிகாலில், ஒவ்வொரு வெடிப்பிலும் மணல் புகுந்து வெயிலில் மினுங்கியது. கிட்டத்தில் போய் எடுத்தேன். அம்மா சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்குடி என் காலைப் போய்ப் புடிக்கிற? கழனிக் காலு, அசிங்கமா கீது. அழிச்சிடு."

"நல்லாத்தான் கீது" என்றேன்.

அதன்பிறகு எல்லாரும் தலை வாரி, கடலுக்கு முதுகு காட்டி வரிசையாக நின்றபோது, போன் படம் எடுக்க மறுத்தது. இடம் இல்லை என்று அது சொன்னதைப் படித்துக் காட்டினேன்.

"இம்மாம் பெரிய போன்ல எடம் இல்லியா?" என்று பெரிநைனா பிடுங்கிப் பார்த்தார். "மணலு... நூலு... நண்டு... ஐயே, காலு! ஊரே சிரிக்கும். எல்லாத்தையும் அழி."

"காலுக்கு மாப்ள பாக்கப் போறாளோ இன்னாவோ" என்றாள் அத்தை. வரிசை முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் தலை குனிந்து, புடவைக் கரையால் பாதத்தை மூடினாள். அவள் அப்படி மூடியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அழிக்க மாட்டேன்."

"ரெண்டெழுத்து படிச்ச திமிரப் பாரு!"

ஆமாம், அந்தத் திமிர்தான். போனை வாங்கி, அவருக்குத் தினமும் வந்து குவிந்திருந்த காலை வணக்கப் படங்களைத் திறந்தேன். ரோஜாப்பூ, காபிக் கோப்பை, மயில்மேல் முருகர். "எடத்தை அடைச்சிக்கினு கீறது இதுங்கதான் பெரிநைனா" என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே மொத்தத்தையும் அழித்தேன்.

"ஐயையோ, முருகரையுமா?"

"முருகர் நாளைக்குக் காலைல மறுபடி வருவாரு."

முதலில் சிரித்தது நைனா. அந்தச் சிரிப்போடு குடும்பப் படத்தையும் எடுத்து முடித்தேன்.

இனிமேல் போன் என் கைக்கு வரக்கூடாது என்று வண்டியிலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் குடும்பப் படத்தைப் பிரிண்ட் போடச் சத்தியவேட்டுக் கடைக்குப் போனபோது, அதைத் தேடித் திறந்து காட்ட என்னைத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கடைக்காரரிடம் இரண்டு படம் காட்டினேன். இரண்டாவது எது என்று உறையைப் பிரித்த பிறகுதான் பெரிநைனாவுக்குத் தெரிந்தது.

இப்போது திருப்பதியில் வேலை பார்க்கிறேன். வாடகை அறையின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தக் குதிகால்தான். யாருடைய கால் என்று கேட்பவர்களிடம் "எங்கம்மாவுது" என்பேன். அம்மா வரும்போதெல்லாம் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். நான் மறுபடி திருப்பி மாட்டுவேன்.

மற்றதெல்லாம் போய்விட்டது. போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, நண்டும் நூலும் படகும் அதோடு போயின. கூடத்தில் மாட்டிய குடும்பப் படத்தில் ஓதம் ஏறி முகங்கள் வெளுத்துவிட்டன. "அந்த நண்டு போட்டோ இன்னா ஆச்சி? அதான் அழகா இருந்திச்சி" என்று போன ஐப்பசியில் அம்மா திடீரென்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதே கடலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் வரிசையாக நின்ற கரையே இல்லை. கடல் அரித்துவிட்டதாம்; பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். திரும்பிவிடலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகி, கல் கல்லாக இறங்கி, கீழே பாய் விரிக்கும் அளவுக்கு மிஞ்சியிருந்த மணலில் நின்று கத்தினாள்:

"ஏய், இங்க வாடி! இங்க உருட்டிக்கினு கீது பாரு!"

இறங்கிப் போய்க் குனிந்து என் போனை நீட்டினேன். உருண்டைகளுக்குப் பக்கத்தில் அவள் குதிகாலும் படத்துக்குள் வந்தது. நகரு என்று நான் சொல்லவில்லை. அவளும் நகரவில்லை.