வாரேன் என்று சொல்லக்கூடாத வீடு

எங்கள் வீட்டில் தம்ளரில் தண்ணீரை ஊற்றித் தரையில் வைத்தால் அது சும்மா இருக்காது, சின்னச் சின்ன வளையமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். தாராவியில் எங்கள் சந்தில் கீழே குடும்பம், மேலே பட்டறை என்பதுதான் வழக்கம். எங்கள் தலைக்கு மேலே பலகை போட்ட மாடியில், அதை "மாலா" என்போம், சட்டை தைக்கிற மெஷின்கள் காலையில் ஓட ஆரம்பித்தால் விளக்கு வைத்த பிறகும் ஓடும். அந்த அதிர்வு சுவர் வழியாக இறங்கி, தரை வழியாக வந்து, படுத்தால் முதுகிலும் எழுதினால் பென்சில் முனையிலும் தெரியும். அப்பா இறந்த அன்று மட்டும் அந்த மெஷின்களை நிறுத்தினார்கள். மறுநாள் பட்டறை மேஸ்திரி கீழே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் நின்றார். அம்மா தடுக்கவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் மேலே ஏறிப் போனார். மெஷின் சத்தம் மறுபடி கேட்டபோது எனக்குத் துக்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தம்ளரில் வளையம் வந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு, சயன்ஸ். மாட்டுங்காவில் ஒரு கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வருவேன். அப்பா அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். விடியற்காலை ரயிலுக்கு ஓடுகிறவர், செருப்பைப் போட்டுக்கொண்டே, யாரையும் திரும்பிப் பார்க்காமல், "வாரேம்ட்டீ" என்பார். அது அம்மாவுக்கா எனக்கா என்று அவருக்கே தெரியாது. அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். டப்பாவை மட்டும் யாரோ கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்கு, என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு சட்டம் உண்டு. வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடக் கூடாது. போகிறவர்கள் "வாரேன்" என்று சொல்லக் கூடாது. அந்த வீட்டுக்கு மறுபடி ஒருமுறை அப்படி வருகிற வேளை யாருக்கும் வேண்டாம் என்பது கணக்கு. பம்பாய்க்கு வந்து ஊர்ப் பழக்கம் எத்தனையோ கரைந்து போயிருந்தாலும் இதை மட்டும் எங்கள் சந்து விடவில்லை. ஆகவே அந்த நாட்களில் என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், பிறகு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கை, நான் திரும்புவதற்குள் காணாமல் போயிருக்கும். முந்தானையை உதறுகிற ஓசை மட்டும் வாசல் பக்கம் கேட்கும்.

நான் அழவில்லை. அதுதான் சந்துக்கே கவலை. பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அத்தை, காலையில் இட்லி விற்று மத்தியானம் நியாயம் பேசுகிறவள், என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அழுதுரு. அழாத கண்ணும் அடைச்ச சாக்கடையும் ஒண்ணு, பொறவு வீட்டுக்குள்ள வந்து நிக்கும்" என்றாள். எதிர் வீட்டு ரோஸ் அக்கா, தூத்துக்குடிக்காரி, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "விடுங்க மைனி, பிள்ளைக்குத் துக்கம் இன்னும் வந்து சேரல" என்றாள். "அம்பர்நாத்துல இருந்துல்லா வரணும், ஸ்லோ வண்டியப் பிடிச்சிருக்கும்" என்றாள் அத்தை. சிரிக்க வேண்டிய பேச்சுதான், ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அம்மாவும் என் மாதிரிதான். கேட்டதற்குத் தலையும் ஆட்டுவதில்லை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்திறங்கிய மாமா, அம்மாவுக்கு மூத்தவர், வந்த அன்றே பேச்சை ஆரம்பித்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல, தங்கை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்தான். "பொட்டப்பிள்ளைய வச்சிக்கிட்டு இந்த முடுக்குக்குள்ள நீ என்ன செய்வ செல்வி? பதினாறு கழியட்டும், வீட்டப் பூட்டிட்டுக் கெளம்புங்க. ஊர்ல வீடு கெடக்கு. பீடி சுத்துனாலும் கஞ்சி உண்டு. பன்னெண்டாங் கிளாஸை முடிச்சு இவ என்ன கலெக்டருக்கா போகப் போறா?" அம்மா சுவரைப் பார்த்தாள். "செத்தவன் கையில வெத்தல பாக்குக் குடுத்தாப்..." என்று வழக்கமான வேகத்தில் ஆரம்பித்த பொன்னம்மா அத்தை, எந்த வீட்டில் இருக்கிறோம் என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பழமொழியில் வாழ்கிறவர்களுக்குத் துட்டி வீடு ஆபத்தான இடம்.

போகலாமா, வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை.  மாட்டுங்கா, கல்லூரி, பஸ் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தன.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில்தான் ருக்சார் வந்தாள். என் வகுப்புத் தோழி, அடுத்த சந்து. அவள் அப்பா தோல் பைகளுக்குக் கட்டிங் செய்கிறவர். துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவளுக்கு ரோஸ் அக்கா நகர்ந்து இடம் விட்டாள். ருக்சார் பேசுவது இந்தி. எங்கள் சந்துத் தமிழும் பாதி வரும்.  பையிலிருந்து என் கணித "ஜர்னலை" எடுத்து மடியில் வைத்தாள். கல்லூரி அலமாரியிலிருந்து வாங்கி வந்திருந்தாள்.

மும்பையில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஜர்னல் என்றால் தெரியும். வருஷம் முழுக்கச் செய்கிற கணக்குகளை எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். எனக்கு முக்கோணவியல் சமன்பாட்டுப் பயிற்சி ஒன்று பாக்கி இருந்தது. திங்கட்கிழமைதான் கடைசி என்று ருக்சார் சொன்னாள். அதைக் கொடுக்காவிட்டால் வருஷம் போய்விடும். வருஷம் போனால் மாமா வாதாடவே தேவையில்லை, அவர் சொன்னது தானாக நடந்துவிடும். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"நானே எழுதிடுவேன், ஆனா சார் என் கையெழுத்தைக் கண்டுபிடிச்சிடுவார். நீ எழுது, நான் சொல்றேன்" என்று பென்சிலை என் விரலுக்குள் செருகினாள்.

சைன் டூ எக்ஸ் ஈக்குவல் டு காஸ் எக்ஸ். பூஜ்யத்திலிருந்து முந்நூற்றறுபது பாகைக்குள் எக்ஸின் மதிப்பு எல்லாம் கண்டுபிடிக்க வேண்டும். கை தன் பாட்டுக்கு எழுதியது. சைன் டூ எக்ஸை விரித்தால் இரண்டு சைன் எக்ஸ் காஸ் எக்ஸ். இப்போது சமக்குறிக்கு இந்தப் பக்கமும் ஒரு காஸ், அந்தப் பக்கமும் ஒரு காஸ். இரண்டின் மேலும் பென்சிலால் குறுக்குக் கோடு இழுக்கப் போனேன்.

"அரே, காட் மத்!" என்று ருக்சார் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். "என்னத்த வெட்டக் கூடாதுங்கா?" என்றாள் பொன்னம்மா அத்தை. இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கிறது, அதை அடிக்கக் கூடாது என்கிறாள் என்று நான் சொன்னேன். பல நாட்களுக்குப் பிறகு நான் பேசிய நீளமான வாக்கியம் அது.

"ரெண்டு பக்கமும் இருந்தா ரெண்டையும் அடிச்சிட்டுப் போவேண்டியதுதானே? கணக்குல என்னட்டீ பாசம்?"

"இல்ல அத்தை" என்று ருக்சார் தமிழுக்கு வந்தாள். "அது ஜீரோவா இருந்தா? ஜீரோவை வெட்டினா ஆன்சரும் கூடப் போயிடும். வெட்டக் கூடாது, இந்தப் பக்கம் கொண்டாந்து வெச்சிக்கணும்."

"இல்லாததுக்கு இம்புட்டு மரியாதையா?" என்று அத்தை மூக்கில் விரல் வைத்தாள்.

ருக்சார் சொன்னபடி காஸை இந்தப் பக்கம் கொண்டுவந்து, பொதுவாக வெளியே எடுத்து எழுதினேன். காஸ் எக்ஸ் பூஜ்யம், அல்லது சைன் எக்ஸ் அரை. அரையை முதலில் பார்த்தோம். முப்பது பாகை, நூற்றைம்பது பாகை. அடுத்த பாதிக்குப் போவதற்குள் வெளியே "பானீ ஆயா, பானீ!" என்று குரல் கிளம்பிவிட்டது. தாராவியில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் சாமியே வந்தாலும் "கொஞ்சம் நில்லும், குடத்தை வச்சிட்டு வாரேன்" என்பார்கள். ருக்சார் வீட்டில் தண்ணீர் பிடிக்க அவளை விட்டால் ஆள் இல்லை. பையை அள்ளிக்கொண்டு எழுந்தவள், வாசலில் ஒரு காலை வைத்துத் திரும்பி, உரக்கச் சொன்னாள்: "பாக்கி கல் கரேங்கே. கல் ஆதீ ஹூன்."

மிச்சத்தை நாளைக்குப் போடலாம். நாளைக்கு வாரேன்.

அறை அப்படியே நின்றது. குடத்தை இடுப்பில் ஏற்றிய பொன்னம்மா அத்தை ஓடவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், "பாவிமவ, சொல்லிட்டாளே!" என்றாள்.

"அவ இந்தியிலல்லா மைனி சொன்னா" என்றாள் ரோஸ் அக்கா. "இந்தியில சொன்னா சேராது."

"ஏன் சேராது? எமனுக்கு இந்தி தெரியாதாக்கும்? பம்பாய்க்கு வந்துதான எங்கண்ணாச்சியக் கொண்டு போனான்?"

வெளியே நாற்காலியில் இருந்த மாமா எட்டிப் பார்த்து, அந்தப் பிள்ளை என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று கேட்டார். ரோஸ் அக்கா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். மாமாவின் முகம் மாறிவிட்டது. "துட்டி வீட்டுல நின்னுக்கிட்டு வாரேன்னாளா? வெவரங் கெட்ட பிள்ளை. நாளைக்கு வந்தா வாசல்லயே சொல்லி அனுப்பிரணும். படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

"வரட்டும்ண்ணே."

யார் பேசியது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாட்கணக்கில் பேசாத குரல் கரகரத்தது. மறுபடி சொன்னாள்.

"வரட்டும். வாரேன்னு சொன்னவங்கள்ல ஒருத்தராவது வரட்டும்."

மேலே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பொன்னம்மா அத்தை குடத்தைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள், தண்ணீருக்குப் போனாள்.  மாமா மூலையில் கிடந்த எங்கள் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பெண்கள் நிற்கிற வரிசையில் போய் நின்றார். "என்ன அண்ணாச்சி, நீங்களும் பம்பாய்க்காரராயிட்டீய" என்று அத்தை கேட்டது உள்ளே வரை கேட்டது.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே அம்மா வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ருக்சார் வந்தாள். முந்தின நாள் தான் செய்த காரியம் இன்னதென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நேரே உள்ளே வந்து ஜர்னலை விரித்தாள். காஸ் எக்ஸ் பூஜ்யம். எக்ஸ் தொண்ணூறு, எக்ஸ் இருநூற்றெழுபது. அடியில் கோடு போட்டேன்.

"முடிஞ்சுதாட்டீ?" என்றாள் அம்மா.

"முடிஞ்சுதும்மா."

"விடை எத்தன?"

"நாலு."

"நேத்து?"

"நேத்து ரெண்டுதான்."

அம்மா தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் நான் அழுதேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அழவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வெகுநாள் அது வந்து சேரவில்லை. ஆனால் திங்கட்கிழமை பஸ் ஏறினேன். பதினாறு கழிந்ததும் மாமா ஊருக்குத் தனியாகப் புறப்பட்டார். "இவ பன்னெண்டு முடிக்கட்டும்ண்ணே" என்று அம்மா சொன்னதற்கு அவர் எதிர்த்துப் பேசவில்லை. பதினாறு முடிந்துவிட்டதால் வாசலில் நின்று, தைரியமாக, "அப்ப நான் வாரேன்" என்றார்.

இப்போது செம்பூரில் ஒரு மருந்துக் கடையில் மருந்து கொடுக்கிறேன். எங்கள் சந்து இருந்த இடத்தைத் தகரத் தடுப்பு வைத்து மறைத்திருக்கிறார்கள். புதுக் கட்டடம் வருமாம். பொன்னம்மா அத்தை இல்லை. அவள் சொன்னதெல்லாம் என் வாயில் கிடக்கிறது. ருக்சார் நெருளில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். தம்ளர் தண்ணீர் அசையாமல் நிற்கிற வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் ஒருவர் இறந்துபோனார். நம் தமிழ் ஆட்கள்தான், திருநெல்வேலிப் பக்கம்தான். மாலையில் போனேன். மகளுக்குப் பதினைந்து பதினாறு இருக்கும். சோபாவின் நுனியில், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் இருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, "ஓகே, வரேன்", "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன். ஏதோ பெரிய குற்றம் செய்யப் போகிறவளைப் போல அறையை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாளைக்கு வாரேம்ட்டீ" என்றேன்.

ஒருத்தரும் திடுக்கிடவில்லை. அங்கே யாருக்கும் அந்தச் சட்டம் தெரியவில்லை.

மறுநாள் போனேன்.