கைராசிக்காரி ஈஸ்வரி

பெரியபாளையம் பக்கத்துக் கலர் மீன் பண்ணையில் ஈஸ்வரிக்குக் கைராசிக்காரி என்று பெயர். ஆக்ஸோலாட்டில் என்ற பிராணியின் நோஞ்சான் குஞ்சுகளைத் தேற்றுவது அவள் வேலை. பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் ஆயுசு முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும். பசித்தால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். அதனால் இளைத்ததை எல்லாம் ஏ.சி. அறையில் கப்புக்கு ஒன்றாக விட்டு, இருவேளையும் தண்ணீர் மாற்றி, சொட்டுக்குழாயில் இரை கொடுக்க வேண்டும்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வந்து சேர மாலையாகிவிட்டது. காலையில் தண்ணீர் மாற்றாததில், அவள் மேசையிலிருந்த ஒன்பது கப்பிலும் குஞ்சுகள் செத்து, வயிறு மேலே தெரிய மிதந்தன. முதலாளி சாம்சன் வருவதற்குள் அவற்றைச் செடிக்கடியில் கொட்டிவிட்டு, பெரிய தொட்டியிலிருந்து ஒன்பதைப் பிடித்துப் போட்டாள். நல்ல குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் நெளிகிற தொட்டி. யார் எண்ணப் போகிறார்கள்?

“இன்னாக்கா, நேத்து சாவக் கெடந்தது இன்னிக்கு டான்ஸ் ஆடுது!” என்று சாம்சன் வாய் பிளந்தார்.

அந்தப் பேச்சு இனித்தது. அதற்கப்புறம் எது செத்தாலும் மாற்றினாள்.

பக்கத்து மேசையில் இதே வேலை பார்க்கும் ரோஜாவுக்குப் பத்தில் மூன்று செத்துப்போகும். அதை அப்படியே சொல்லியும்விடுவாள். ஒருநாள் சாம்சன், “இந்த மாசத்தோட நின்னுக்கோம்மா. அக்காகிட்ட சாவாதது உங்கிட்ட மட்டும் ஏன் சாவுது?” என்றுவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ரோஜா வந்து நின்றாள். “யக்கா, நீ செய்றதப் பாத்துகினுதான் நானும் செய்றேன். இன்னா தப்பு பண்றேன், சொல்லேன்.”

ஈஸ்வரி பிசைந்த கையை நிறுத்தினாள். “நீ தப்பு பண்ணல. எனுக்கும் சாவுது. உன்னவுட ஜாஸ்தியே சாவுது. நான் வேற மாத்திப் போட்டுடறேன்.”

“அட மகராசி!” ரோஜா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு மாசமா எனுக்குச் சோறு எறங்கலக்கா. என் கை வெசம்னு மாமியார் கூடச் சொல்லிச்சி.”

எச்சில் கையோடே ஈஸ்வரி சாம்சனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். “வர்றவன் போறவன் கிட்டல்லாம் உன்னப் பத்திதானேக்கா பீத்திகினு இருந்தேன்.”

மறுநாள் கப்புகள் அத்தனையும் ரோஜாவின் மேசைக்குப் போயின. ஈஸ்வரிக்குத் தொட்டி தேய்க்கும் வேலை. மதியம் ரோஜா, “சார், ஒண்ணு செத்துப்போச்சி!” என்று அறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள். “சரிம்மா,” என்றார் சாம்சன்.

அவ்வளவுதான். ஈஸ்வரி தலை நிமிராமல், தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.